மீன் தொடாத கை

உஸ்தீனியா ராத்திரி முழுக்க ஈரம் உறிஞ்சிய செய்தித்தாளை ரோம பூட்ஸுக்குள்ளிருந்து உருவிப் போட்டுவிட்டு, காய்ந்த தாளை உள்ளங்கால் அளவுக்கு மடித்துத் திணிக்கிறாள். திணிப்பதற்கு முன் தாளை விரித்துப் பார்த்து, மனித முகம் அச்சான இடத்தையெல்லாம் கிழித்து அடுப்போரம் எடுத்து வைக்கிறாள். "மனுஷ மூஞ்சிய மிதிச்சுக்கிட்டு ஏரிக்குப் போகக் கூடாது" என்பாள். மந்திரியும் சோப்பு விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணும் அவளுக்கு ஒன்றுதான். வானிலைப் பக்கம் என்றால் அப்படியே உள்ளே போகும். அதில் முகமே கிடையாது.

வயது ஐம்பத்தேழு. ரஷ்ய எல்லையோரப் பெய்ப்சி ஏரிக்கரையில் எங்கள் தெருவில், பச்சைக் கதவு வீடு. கோடையில் வெங்காயம், ஏரி உறைந்த பிறகு பெர்ச் மீன். மீனை விறகுப் புகையில் வாட்டி, சாலையோரம் மேசை போட்டு விற்கிறாள். எடை போடும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மீனை எடுத்துவிட்டு முதலிலிருந்து போடுவாள்.

வலது காலில் அவளுக்கு மூன்று விரல்தான். "பூட்ஸ் கடையில உனக்கு விலை குறைச்சுத் தரணும்க்கா" என்று எங்களோடு ஏரிக்கு வரும் அர்த்தமோன் வாரத்துக்கு ஒரு தடவை சொல்வான். "உன் தலையில இருக்கறதுக்குத் தொப்பிக் கடைக்காரன் சும்மாவே தரணும்" என்று அவளும் வாரத்துக்கு ஒரு தடவை சொல்வாள். இருவருக்கும் அதில் அலுப்பே இல்லை.

விரல் போனது மூன்றாம் வருஷ மாசி வாக்கில். புது பூட்ஸ், கச்சிதமான அளவு. அதற்குள் குளிருக்குப் பயந்து மூன்று ஜோடி காலுறை. நாலு மணி நேரம் மீன் தூண்டிலை விடாமல் கடித்தது, இவளும் எழுந்திருக்கவில்லை. இறுக்கிக் கட்டின காலில் ரத்தம் எப்படி ஓடும்? அன்றைக்கு நடந்ததை அவள் ஒரே மாதிரிதான் சொல்வாள், ஒரு சொல் மாறாது. "வலிச்சுக்கிட்டே இருந்துச்சு, பயப்படல. அப்புறம் வலி நின்னுச்சு. நான் சந்தோஷப்பட்டேன். அங்கதான் ஏமாந்தேன்." தார்த்து நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். மிச்சப் பாதத்தின் முன்பாதியில் உணர்ச்சி திரும்பவில்லை. இன்னொரு தடவை உறைந்தால் கணுக்கால் வரை போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதைக் கேட்டு, போன குளிர்காலம் முழுக்க அவளுடைய கொழுந்தன் லுக்யான் அவளை வண்டியில் ஏற்றவில்லை. எங்கள் தெருவில் உறைந்த ஏரிமேல் ஓடுகிற பலூன் சக்கர வண்டி வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். அவன் ஏற்றாவிட்டால் ஏரி இல்லை. இவள் வீட்டில் உட்கார்ந்து விதை வெங்காயம் பொறுக்கினாள். ஜன்னல் வழியே நாங்கள் போவதையும் வருவதையும் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

இந்தக் குளிர்காலம் லுக்யான் இறங்கி வந்தான். சோதனைக்கு ஒரே ஒரு நாள். சாயங்காலம் வண்டி கிளம்பும்முன் அவன் கையாலேயே அவள் காலைத் தொட்டுப் பார்ப்பான். குளிர்ந்திருந்தாலோ ஈரமாக இருந்தாலோ, அதற்குப் பிறகு ஏரிப் பேச்சை எடுக்கக் கூடாது. "சரி" என்றாள்.

அன்றைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே பதினாலு. ரஷ்யக் கரையிலிருந்து காற்று. நாலாவது கிலோமீட்டரில் உறைபனி வெடித்து நீளமாக வாய் பிளந்திருந்தது. பலகை போட்டு வண்டியைக் கடத்தும்போது லுக்யானுடைய இடது கால் முழங்கால் அளவுக்குத் தண்ணீரில் இறங்கி ஏறியது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்று அவனே சொல்லிவிட்டான். அவன் சொன்னால் நாங்கள் மறுத்துக் கேட்பதில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். உஸ்தீனியா துணிச் செருப்பும் மெல்லிய காலுறையும் போட்டுக்கொண்டு நடந்தாள். ரோம பூட்ஸ் இரண்டும் கயிற்றில் கோத்துக் கழுத்தில், கோட்டுக்குள்ளே, கைக்குழந்தை மாதிரி. நடந்தால் கால் வியர்க்கும். வியர்வை செருப்போடு போகட்டும் என்பது அவள் கணக்கு. போய்ச் சேர்ந்ததும் சறுக்குவண்டியில் உட்கார்ந்து, முரட்டுத் துண்டால் விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஒரே ஒரு கம்பளிக் காலுறை. இரண்டு அளவு பெரிய பூட்ஸ். "விரலு உள்ள கூத்தாடணும். எட்டுப் பேரும் ஆடணும்." அதன்மேல் ரப்பர் மேலுறை. காலுக்குக் கீழே ஆட்டுத்தோல் அடித்த பழைய கதவுத் துண்டு. பனியை அவள் பூட்ஸ் நேரே தொடவே இல்லை.

பிறகுதான் எங்களுக்கு விளங்காத காரியம் தொடங்கியது. அவள் ஒற்றைக் கையால் மீன் பிடித்தாள். வலது கையில், பனியில் குடைந்த துளைக்குள் விட்ட குட்டித் தூண்டில். இடது கை கோட்டுக்குள், வலது அக்குளில். மீன் வந்தால் முழங்காலுக்கிடையில் அமுக்கி வலது கையாலேயே முள்ளைக் கழற்றினாள். கோட்டுக்குள்ளே ஏதோ அசைந்துகொண்டே இருந்தது. அங்கே புட்டி இருக்கிறது என்று அர்த்தமோன் பந்தயம் கட்டினான். நானும் கட்டினேன்.

புட்டி இல்லை. தோல் ஜெபமாலை. நேரத்தை அதில்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு சுற்று முடிந்ததும் தூண்டிலைக் கீழே வைத்து, பூட்ஸையும் காலுறையையும் கழற்றி, அந்த இடது கையை எடுத்து வலது பாதத்தின்மேல் வைத்தாள். தையல் விழுந்த இடம், மூன்று விரல், இடுக்கு. பாதம் சொல்லாததை அந்தக் கை சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கை இரும்பைத் தொடவில்லை, தண்ணீரைத் தொடவில்லை, மீனைத் தொடவில்லை. திரும்பவும் இரண்டு சுற்று. திரும்பவும் பூட்ஸ். நாள் முழுக்க இதேதான்.

மதியம் ஒரு மணி வாக்கில் பெரிய மீன் ஒன்று மாட்டியது. பெர்ச் இல்லை, அதைவிட மூன்று மடங்கு. இரண்டு கையாலும் இழுத்தாலே தூண்டில் நரம்பு கையை அறுக்கிற ரகம். "அந்தக் கையையும் எடு அக்கா" என்று அர்த்தமோன் கத்தினான். எடுக்கவில்லை. நரம்பை வலது முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு, துளைக்கு முதுகைக் காட்டி நடந்தாள். இருபது அடி, முப்பது அடி. பின்னால் மீன் துளையை விட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வந்து கதவுத் துண்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். பனியில் நடந்துவிட்டாளே, அதற்காக.

நாலு மணிக்கு வண்டிக்குத் திரும்பினோம். வண்டிக்குள் ஏறும் படியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி அவளே காலை நீட்டினாள். லுக்யான் கையுறையைக் கழற்றித் தொட்டான். அவன் முகம் தெளிந்தது. அவனுக்கும் அவளைத் தோற்கடிக்க ஆசை இல்லை.

"வெதுவெதுன்னு இருக்கு. ஏறு அண்ணி."

அவள் ஏறவில்லை. காலைத் திரும்ப பூட்ஸுக்குள் விட்டுக்கொண்டாள்.

"உன் கை செத்துக் கிடக்கு தம்பி. இப்ப நீ பனிக்கட்டியத் தொட்டாலும் வெதுவெதுன்னுதான் சொல்லுவ. அக்குள்ள வை. சூடானப்புறம் தொடு."

கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஏறச் சொன்னேன் நான். அர்த்தமோனும் அதையேதான் சொன்னான். அவள் எங்களைக் கவனிக்கவே இல்லை. லுக்யான் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்க, அவள் ஜெபமாலையை உருட்டினாள். ஒரு சுற்று. காற்று அடித்தது. சுற்று முடிந்ததும் மறுபடி பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

இந்தத் தடவை அவன் அவசரப்படவில்லை. குதிகால், உள்ளங்கால், தையல், ஒவ்வொரு விரலிடுக்கு. கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தொட்டான்.

"குளிரல" என்றான். "ஈரமும் இல்ல. நாளைக்கு ஏழு மணிக்குக் கிளம்பறேன்."

அவள் காலுறையை இழுத்துவிட்டு பூட்ஸைப் போட்டாள். எழுந்திருக்கவில்லை. லுக்யானுடைய இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அந்தக் காலைப் பனியில் தட்டிக்கொண்டே இருந்தவன், கடைசி ஒரு மணி நேரமாகத் தட்டாமல் நின்றிருக்கிறான். எனக்கு அவள் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"வலிக்குதா?"

"மத்தியானம் வலிச்சது. இப்ப ஒண்ணும் இல்ல அண்ணி. சரியாப் போச்சு."

உஸ்தீனியா அவன் தோளைப் பிடித்து அழுத்திப் படியில் உட்கார வைத்தாள். தான் பனியில் மண்டியிட்டாள். நாள் முழுக்கக் கோட்டுக்குள் இருந்த இடது கை வெளியே வந்தது. காலையில் நனைந்து விறைத்துப்போன அந்த பூட்ஸின் குதிகாலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.