அழிப்பதையும் பிரதி எடுக்கும் இயந்திரம்

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் நெரிடா பாஸ்கோவைத் தெரியாத கடல் ஆராய்ச்சியாளர் கிடையாது. அவர்களில் பாதிப் பேர் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். இருபது வயதில் இறால் படகுகளுக்கு ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தவள், முப்பதைத் தாண்டித்தான் கம்ப்யூட்டரைத் தொட்டாள். இப்போது ஐம்பத்து நான்கு. ஆராய்ச்சி நிலையத்தின் மொத்தச் சேமிப்பும் அவள் பொறுப்பு.

அந்த வருடம் மழைக்காலத்துக்குள் பழைய கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அங்கே முப்பது சர்வர்கள் கூட்டாகத் தாங்கிக்கொண்டிருந்த தகவலை எல்லாம் புதுக் கட்டடத்துச் சர்வர்களுக்கு மாற்ற வேண்டும். ஆராய்ச்சியாளர்களோ ஒரு மணி நேரம்கூட வேலையை நிறுத்த மாட்டார்கள். அதனால் பழையதில் நடப்பதெல்லாம் புதியதிலும் அப்படியே நடக்கும்படி இணைத்துவிட்டாள். இரண்டும் சமமானதும் பழையதைப் பதவி இறக்கிவிட்டுப் புதியதைத் தலைவராக்க வேண்டியதுதான். இப்படிப் பத்து மாற்றங்களை முடித்த கை அது. பதற்றமெல்லாம் அவளுக்கு வராது.

அந்தக் குவியலில் ஆராய்ச்சியாளர் ஹெட்டி வார்ட்ராப்பின் பவளப்பாறைப் படங்களும் இருந்தன. பதினோரு வருடம் ஹெட்டி கடலில் மூழ்கி மூழ்கி எடுத்தவை. அவற்றில் இருக்கும் பவளத்தில் முக்கால்வாசி, கடல் சூடேறி வெளுத்துச் செத்துப்போனது. மறுபடி போய் எடுக்கலாம் என்றால் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் மேலாளர் ஃபெர்கஸ் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"நெரிடா, ஹெட்டியோட படமெல்லாம் இருக்கிற வால்யூம் ரெண்டு பக்கமும் சமம்னு காட்டுச்சு. அவ படகுல போயிருக்கா, யாரும் திறந்தும் வைக்கல. உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு பழையத டெலீட் பண்ணிட்டேன்."

"இணைப்ப வெட்டிட்டா பண்ணுன?"

"இல்ல."

"அட கடவுளே! எழுதுறத மட்டும் பார்த்து எழுதும், அழிக்கிறதப் பார்த்து அழிக்காதுன்னு நினைச்சியா? அதுக்கு நல்லது கெட்டது தெரியுமா?"

"புதுசுலயும் காணோம். நான் தொலைஞ்சேன்."

"நீ தொலைஞ்சா வேற ஆள் கிடைப்பான். அந்தப் படம் கிடைக்குமா? உட்காரு. எதையும் தொடாத."

சொன்னதோடு சரி, குரலைக்கூட உயர்த்தவில்லை. புதிய பக்கத்தின் குப்பைத்தொட்டியைத் திறந்தாள். பழைய பக்கத்திலிருந்து வரும் அழிப்பு மட்டும் மூன்று நாள் காத்திருக்கட்டும் என்று இணைத்த அன்றே அவள் எழுதிவைத்திருந்தாள். யாராவது ஒரு புத்திசாலி இதைச் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். ஹெட்டியின் வால்யூம் முழுசாகக் கிடந்தது. வெளியே எடுத்து, இனி இதுதான் மூலம் என்று அறிவித்தாள். பழைய கணக்கோடு அளவு பிசகாமல் ஒத்துப்போனது.

ஃபெர்கஸுக்கு உயிர் வந்தது. "நீ தெய்வம் நெரிடா! எல்லாம் சரியாயிடுச்சுல்ல? ஹெட்டிகிட்ட சொல்ல வேண்டாமே..."

"யார் அழிச்சாங்கன்னு பதிவுல இருக்கு. படத்தோட சொந்தக்காரி திறந்து பார்த்துச் சரின்னு சொல்லாம நான் இந்த விஷயத்த மூட மாட்டேன். நீயே சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

மறுநாள் காலை ஹெட்டி படகிலிருந்து நேராக வந்தாள். தலைமுடி இன்னும் ஈரம். ஃபெர்கஸ் தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்றுவிடாமல் சொன்னான். ஹெட்டி உட்கார்ந்து முதல் படத்தைத் திறந்தாள். திரை முழுக்க ஊதாவும் மஞ்சளுமாகப் பவளம். அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததையும். அப்புறம்தான் திரும்பினாள்.

"கடல்ல ஒரு தடவ செத்தாச்சு. இங்கயும் ஒரு தடவ சாகடிக்கப் பார்த்தியா?"

நெரிடா இன்னொரு நாற்காலியை இழுத்து ஹெட்டியின் பக்கத்தில் போட்டாள்.

"அறுபத்திரண்டாயிரம் படம் இருக்கு. உட்காரு ஃபெர்கஸ். நீ எதை அழிச்சேன்னு ஒண்ணொண்ணா பாரு."

அவன் உட்கார்ந்தான்.