ஊர்க்காவலன் போட்ட காய்ச்சல் கணக்கு

எங்க வீட்டுக்காரர் ஊர்க்காவலன் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில ரெண்டு தடவை பெயிலு. அதை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு, வெக்கமே கிடையாது. பத்து வருசம் தீப்பெட்டி ஆபீசுல இருந்தாரு. தீக்குச்சி மருந்து வாடை ஒத்துக்காம இருமல் வந்ததும், கொசு ஒழிக்கிற தற்காலிக வேலையில சேந்தாரு. வீடு வீடாப் போயி, தண்ணித் தொட்டிக்குள்ள டார்ச் அடிச்சிப் புழு இருக்கான்னு பாக்கணும். சிவகாசிப் பக்கம், வெம்பக்கோட்டைக்குக் கிழக்க எங்க ஊரு. தண்ணி லாரி வாரத்துக்கு ஒருக்காதான் வரும். இவரு தெருமுக்குல திரும்பினாலே, கொட்டிருவாருன்னு பொம்பளைக குடத்தைத் தூக்கி ஒளிச்சி வைப்பாக.

ரெண்டாயிரத்து ஆறுல சிக்குன்குனியா வந்துச்சில்ல, அந்த வருசந்தான் எங்க மக செல்வலட்சுமிக்குத் தலைப்பிரசவம். மதுரையில கட்டிக் குடுத்திருந்தோம், அவுக தெருப்பக்கம் காய்ச்சல் எட்டிப் பாக்கல. ஆனியில வளைகாப்பு. முடிஞ்ச கையோட எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். இங்கயோ தெருவுக்கு ஒரு ஆளு காலை மடக்க முடியாம படுத்துக் கிடக்கு. பிரசவ நேரத்துல தாய்க்கு இந்தக் காய்ச்சல் இருந்தா பிள்ளைக்கும் போயிரும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாக.

இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? "நான் சொல்ற வரைக்கும் அனுப்பாதீக"ன்னு சம்பந்தி வீட்டுக்குப் போனைப் போட்டுட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வளைகாப்பு முடிஞ்சி வெறுங்கையோட பஸ் ஏறினேன். வந்த கோவத்துக்கு நாலு நாள் அவருக்குச் சோத்தைப் போட்டேனே தவிர வாயைத் திறக்கல.

அவரு பாட்டுக்குக் கணக்குப் போட்டுட்டு இருந்தாரு. மதுரையில இருந்து புள்ளிவிவரம் படிச்ச ஒரு அம்மா வந்து கொசு வேலை பாக்கிறவுகளுக்கு ஒருநாள் பாடம் எடுத்திருக்காக. காய்ச்சல்காரர் ஒருத்தரைக் கடிச்ச கொசு எத்தனை பேருக்கு அதைக் கொண்டுபோய்க் குடுக்குதுன்னு பாக்கணுமாம். ஒருத்தருக்கு மேல போனா ஏறும், ஒருத்தருக்குக் கீழ வந்துட்டா தானா அடங்கிரும். இம்புட்டுதான் பாடம். பிரஸ்ல கழிச்சிப் போட்ட காலண்டர் தாள்ல, ரெண்டு வாரத்துக்கு ஒரு கட்டம்னு இவரு எழுத ஆரம்பிச்சாரு. முதல் கட்டத்துல ஊருல புதுசாக் காய்ச்சல் கண்டவுக எட்டுப் பேரு. அடுத்ததுல பதினாறு.

"ஒண்ணு ரெண்டாகுது. வீட்டுத் தொட்டியெல்லாம் தேச்சிக் கழுவிட்டா அடுத்த கட்டத்துல பாதியாக் குறையும்"னாரு. ஆளுகளை வச்சி தெருத் தெருவாக் கழுவ வச்சாரு. வந்துச்சு பாருங்க, இருபத்தொண்ணு! "ஊர்க்காவலன் கணக்கைப் பாத்துக் கொசுவே சிரிக்குதுலே"ன்னு டீக்கடையில கேலி பண்ணியிருக்காக. மனுசன் மூஞ்சி செத்துப்போச்சு. எனக்கே பாவமாப் போச்சு.

அன்னைக்கு மத்தியானம் சோத்துல கையை வச்சிக்கிட்டே கேட்டாரு. "வள்ளி, இந்த இருபத்தொரு பேரும் பகல்ல எங்க இருந்தாக?"

"எங்க இருப்பாக? தீபாவளி ஆர்டர் ஓடுது. பதினேழு பேரு என்கூட வெடிக் கம்பெனியிலதான்."

"இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும். அங்கன தண்ணி எங்க இருக்கு?"

"என்ன தெரியாத மாதிரி கேக்கீக? தீப்பிடிச்சா ஊத்துறதுக்கு ரூமுக்கு ரூம் வாசல்ல தொட்டி இருக்குல்ல. அதுல கை கழுவினாக்கூட போர்மேன் வைவாரு. சித்திரையில ரொப்புன தண்ணி, அப்படியே கிடக்கு."

சொல்லும்போதே எனக்குத் திக்குன்னுச்சு. நாலு மாசமா அந்தத் தொட்டி பக்கத்துலதான் நானும் உக்காந்து திரி செருகுறேன். அவரு பாதிச் சோத்துல எந்திரிச்சிட்டாரு.

போர்மேன் தங்கப்பாண்டியன் விடுவாரா? "ஏலே ஊர்க்காவலா, சீசன் நேரத்துல தொட்டியைக் காலி பண்ணச் சொல்லுதியா? தீப்பிடிச்சா உன் எச்சியைத் துப்பியா அணைக்க?"ன்னு எகிறினாரு. இவரு நேரா தொட்டிகிட்டப் போனாரு. ஒரு டம்ளர்ல மோந்து வெயில்ல வச்சாரு. குச்சி குச்சியாப் புழு நெளியுது. அப்புறம் காலண்டர் தாளை விரிச்சி, "இப்பப் பதினேழு ஆளு லீவு. இப்படியே விட்டா அடுத்த ரெண்டு வாரத்துல முப்பதாகும். யாரை வச்சி ஆர்டரை முடிப்பீக?"ன்னாரு. போர்மேன் தலையைச் சொறிஞ்சாரு. கடைசியில ஒரு வழி பேசினாக. ஒரு தொட்டி நிறைஞ்சப்புறந்தான் அடுத்த தொட்டியைக் காலி பண்ணணும். எல்லாத்தையும் வாராவாரம் தேச்சிக் கழுவணும், கொசு மருந்தும் ஊத்தணும். நானும்தான் முந்தானையைச் செருகிட்டு நின்னு தேச்சேன்.

"உடனே நிக்காது. ஏற்கெனவே கடி வாங்கினவுக இருக்காக. பாதி பாதியாத்தான் குறையும்"னு சொல்லிட்டாரு. அவரு சொன்னது பத்து. வந்தது பதினொண்ணு. அடுத்த கட்டத்துக்கு அஞ்சுன்னாரு, நாலுதான் வந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு ஆகிருச்சு. ஆனா அவருகிட்ட காட்டிக்கிடல. ஆவணிக் கடைசியில ஒருநாள், தெருவெல்லாம் சுத்திட்டு வந்து பேனாவை எடுத்துக் கட்டத்துல முட்டை போட்டாரு. ரெண்டு வாரமா புதுசா ஒரு ஆளுக்குக்கூட இல்ல.

"என்ன வள்ளி, பிள்ளையைக் கூட்டிட்டு வருவமா?"

ரெண்டு மாசமா அதுக்குத்தான் அவருகிட்ட மல்லுக்கு நின்னேன். இப்ப என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "எதுக்கும் இன்னொரு கட்டம் பாத்துருவமாங்க?"

விழுந்து விழுந்து சிரிச்சாரு மனுசன். "அதுக்குள்ள பேரப்பிள்ளை மதுரையிலயே பொறந்துரும். எந்திரிட்டி, காரு சொல்லிட்டேன்!"

சேலையைக்கூட மாத்தாம போயி ஏறினேன். மக எங்க வீட்டுல பன்னெண்டு நாள் இருந்தா. பதிமூணாம் நாள் சிவகாசியில பேத்தி பொறந்தா. தாய்க்கும் காய்ச்சல் இல்ல, பிள்ளைக்கும் காய்ச்சல் இல்ல. பிள்ளையை முதல்ல அவரு கையிலதான் குடுத்தேன், வாங்கிக்கிட்டு ஓன்னு அழுதாரு.