அக்காவுக்கு நான் சொன்ன நிரை

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இறுதிச் சடங்கன்று உங்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவ ராணி மாதிரி வச்சிருந்தீங்க" என்றீர்கள். "பாவம், புத்தி தடுமாறி ரோட்டத் தாண்டிப் போயிட்டாங்க" என்றும் சொன்னீர்கள். இரண்டுக்கும் தலையாட்டினேன். இரண்டும் உண்மை இல்லை. அதை எழுதத்தான் இந்த நினைவு மலரில் எனக்கு இடம் கேட்டு வாங்கினேன்.

அக்கா பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தார். அம்மா காலமானதும் பள்ளியை விட்டு, அம்மாவின் பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தார். விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுத் தன் நிரைக்குப் போய்விடுவார். ஒருவர் வெட்டுவதற்கென்று ஒதுக்கிய பால்மரங்களின் வரிசையைத்தான் நிரை என்போம். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. அக்காவின் மரங்களில் காயம் பார்க்க முடியாது என்று கணக்கெழுதும் கிராணியே சொல்வார். அந்த உழைப்பில்தான் நான் படித்தேன், ஆசிரியரானேன், தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றேன்.

மணமாகிப் பாலிங் பக்கம் வந்த அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா சீக்கிரமே போய்விட்டார். அதன் பிறகும் பல வருடம் மரம் வெட்டினார். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. என் மனைவி இறந்த பின், பாலிங் ஊரோரத்தில் உள்ள என் வீட்டுக்கு அவரை அழைத்து வந்தேன். சில ஆண்டுகளில் அவருக்கு மறதி நோய் வந்தது.

வீட்டின் பின்னால் எனக்குச் சொந்தமான நிலம் காடாகக் கிடந்தது. இடுப்பளவு லாலான் புல், அதற்குமேல் கொடிகள், அவற்றின் நடுவே யாரும் வெட்டாத மூன்று கிழட்டுப் பால்மரங்கள். நோய் வந்த பிறகு அக்கா இருட்டோடு எழுந்து, தலையில் துணி கட்டி, அடுப்படிக் கத்தியை எடுத்துக்கொண்டு அந்தப் புதருக்குள் போவார். மரத்தில் கோடு போட்டு, அடியில் சிரட்டை வைப்பார். வெயில் ஏறியதும் திரும்பி வந்து, கால் கழுவி, நன்றாகச் சாப்பிடுவார். பிறகு நாள் முழுக்க அமைதியாக இருப்பார்.

அங்கே பாம்பு இருக்கிறது, சுத்தம் செய்ய வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. என்னிடம் படித்து அதிகாரியான ஒருவர் ஒரு காலையில் வீட்டுக்கு வந்திருந்தார். அக்கா தலைத்துணியும் கையில் காய்ந்த பாலுமாகப் புதரிலிருந்து வெளியே வந்தார். "வேலைக்கு ஆள் வச்சிருக்கீங்களா சார்?" என்று அந்த அதிகாரி கேட்டார். நான் மறுக்கவில்லை.

அக்காவின் கைகளுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன். காய்கறித் தோட்டம் போடலாம் என்று முடிவு செய்தேன். மண்வெட்டி பிடித்தறியாதவன், புத்தகம் வாங்கிப் படித்தேன். காடு வெட்ட மணியத்தை வரச் சொன்னேன். இரண்டு நாளில் லாலானைச் சாய்த்து, அதன் வேர்களைக் கிளறி எடுத்துக் குவித்துவிட்டார். மரங்களருகே வந்ததும் நின்றார்.

"சார், இந்த மூணையும் விட்டுரலாம்லா. அக்கா கோவிச்சுக்கப் போறாங்க."

"காய்கறிக்கு வெயில் வேணும் மணியம்."

"நீங்க படிச்சவங்க. வெண்டக்காக்கு எவ்ளோ வெயிலுன்னு பொஸ்தகத்துலயே போட்டிருப்பான்" என்று சிரித்துவிட்டு இயந்திர வாளை இழுத்து விட்டார்.

சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகளில் பால் பொங்கி மண்ணில் வழிந்தது. சத்தம் கேட்டு அக்கா பின்வாசலுக்கு வந்தார்.

"என்ன தம்பி, ரீப்ளாண்டிங்கா?"

கிழட்டு மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று நடுவதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாக்கா."

"அப்ப எனக்கு எந்த நெர குடுத்திருக்காங்க?"

மரம் போனால் வெட்டுகிறவருக்கு வேறு நிரை கொடுப்பது தோட்டத்து வழக்கம். அக்கா நியாயமாகத்தான் கேட்டார். எனக்கு வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது, வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்க்கா. எல்லாம் புது நெர" என்றேன்.

மணியம் சிரித்தார். நானும் சிரித்தேன். "நல்லதாப் போச்சு" என்று அக்காவும் சிரித்தார்.

பாத்தி கட்டி வெண்டை, கத்தரி, பயிற்றங்காய் போட்டேன். அக்காவின் உள்ளங்கையில் விதையைக் கொட்டி ஊன்றச் சொன்னேன். ஊன்றினார். முளைத்ததும் குனிந்து பார்த்து, "நல்ல கன்னுதான். ஆனா வெட்டுக்கு வர வருஷமாவும் தம்பி" என்றார்.

மறுநாள் விடியலில் சாலையைக் கடந்து போனார். அந்தப் பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான், ஒரு பால்மரம்கூட இல்லை. ரொட்டிச்சானாய் கடை வைத்திருக்கும் பாக் மாட் கைப்பேசியில் கூப்பிட்டு, "சிக்கு, காகாக் அடா சினி" என்றார்; வாத்தியாரே, அக்கா இங்கே இருக்கிறார் என்று மலாயில் சொன்னார். அக்கா அவர் கடையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். அதன் பின் எத்தனை முறை அப்படி அழைத்து வந்தேன் என்று தெரியாது. நிரை எதுவும் இல்லை, வேலை முடிந்துவிட்டது என்று கெஞ்சினேன். என் பெயரைக்கூட மறந்த அக்கா, இதை மட்டும் மறக்கவில்லை. கத்திகளை ஒளித்து வைத்தேன். கதவைப் பூட்டினால், "பெரட்டுக்கு லேட்டாவுது" என்று அழுதபடி தட்டுவார்.

அன்று இரவெல்லாம் மழை. விடியுமுன் பின்கதவைத் திறந்து, கைவிளக்கோடு பாத்தியில் நத்தை பொறுக்கப் போனேன். காய்க்கத் தொடங்கிய கத்தரியை நத்தைகள் தின்றுகொண்டிருந்தன. எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. அக்கா அந்தக் கதவு வழியாகவே வெளியேறியிருக்கிறார். குனிந்திருந்த நான் பார்க்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கத்துக் கால்வாயில், மழைத்தண்ணீரில் அவரை உயிரோடு கண்டெடுத்தவர் பாக் மாட்தான். அக்காவின் கையில் ஒரு கரண்டி இருந்தது.

குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது. மருத்துவமனையில் ஒரு மாலை கண் திறந்தார்.

"என் நெரைய யாரு வெட்டுறா?"

"நான் வெட்டுறேன்க்கா."

என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நீயா? மரத்தக் காயம் பண்ணிருவ" என்று சிரித்தார். அதன் பிறகு அவர் பேசவில்லை.

இப்போதும் விடியுமுன் பின்கதவுத் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்கிறது. எழுந்து போனால், போட்டது போட்டபடியே இருக்கிறது. பால் புளித்த வாடை அடிக்கிறது. அடிக்கட்டைகள் எப்போதோ காய்ந்துவிட்டன. சில நாள் சாலையைக் கடந்து போய் அந்தச் செம்பனை ஓரத்தில் நிற்கிறேன். பாக் மாட் ஒரு தேநீர் கொண்டு வந்து கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அவருக்கும், அக்காவைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட எதிர்வீட்டுப் பாக்கியத்துக்கும், கடைசிவரை தோள்கொடுத்த மணியத்துக்கும் என் நன்றி. மணியம், நீர் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்.

தோட்டம் நன்றாகக் காய்க்கிறது. அதிலிருந்து ஒரு காய்கூட இன்றைய படையலில் வைக்கவில்லை. இலையில் இருப்பதெல்லாம் பாசாரில் வாங்கியவை. தயங்காமல் சாப்பிடுங்கள்.

இனி அக்காவைப் பற்றிப் பேசும்போது, புத்தி தடுமாறி வழி தவறிப் போனார் என்று சொல்லாதீர்கள். என்மேல் கோபப்பட்டாலும் சரி. அக்கா வழி தவறவில்லை. தம்பி சொன்ன இடத்துக்குத்தான் வேலைக்குப் போனார்.