அம்மாவின் படம் மாட்டிய உயரம்

அம்மா ஸ்ரீரங்கத்தில் பாலர் வகுப்பு டீச்சர். அவள் இறந்த மறுமாதம் பள்ளித் தாளாளர் அவள் படத்தைக் கேட்டு வந்தார். ஆண்டு விழாவுக்கு அதிகாரி வருகிறாராம், ஆபீஸ் ரூமில் மாட்ட வேண்டுமாம். தாளாளரோ அம்மாவின் வேலையை "மூக்குத் துடைக்கிற உத்தியோகம்" என்றவர், அவள் வகுப்புக்குள் ஒரு நாளும் நுழையாதவர், கடைசி வரை வேலையை நிரந்தரமாக்காதவர்.

"பாலர் வகுப்பில, தரையிலேர்ந்து மூணு அடியில மாட்டுறதா இருந்தா தரேன்" என்றேன்.

"அவ்வளவு கீழயா? மரியாதையா இருக்காதேம்மா?"

"உங்களுக்கு அந்தக் கவலை எப்பலேர்ந்துங்க? பிள்ளைங்க கண்ணுக்கு அதுதான் உயரம்."

வேறு வழியின்றித் தலையாட்டினார். பாலிடெக்னிக்கில் படித்த நானே அளந்து ஆணி அடித்தேன். சாயங்காலத்துக்குள் கண்ணாடி முழுக்கப் பிள்ளைகளின் விரல் தடங்கள். தாளாளர் எட்டிப் பார்த்து, "அசிங்கம்" என்றார். அந்த மனிதருக்கு வேறென்ன தெரியும்?