ஓடி வருகிறவர்களுக்காக நிற்கும் பேருந்து

என் தங்கை வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். மற்றவர்கள் கண்ணாடியைக் கண்டால் தலை சீவுவார்கள். மாப்பிள்ளை மட்டும் தன் வண்டியின் பக்கக் கண்ணாடியில் யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்ப்பார். தெருமுனையில் ஒரு கை அசைந்தால் போதும், வண்டி நகராது. ஒருமுறை காற்றில் ஆடிய பட்டத்தைக் கை என்று நினைத்து, அது கீழே இறங்கும்வரை காத்திருந்தார். நம்பாதவர்கள் என் தங்கையைக் கேட்கலாம், அவளும் நம்பவில்லை.

ஓடி வந்து ஏறுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே அவரைப் பார்த்துத் தலையசைப்பார்கள். அவ்வளவுதான் பழக்கம். பெயரெல்லாம் அவராக வைத்ததுதான்: குடையம்மா, தும்மல் சார், ஜோடி மாறிய சாக்ஸ் போடும் பெண்.

சாப்பிட உட்கார்ந்தால், "இன்னைக்குத் தும்மல் சார் வரல. உடம்புக்கு என்னவோ" என்று கவலைப்படுவார்.

"கட்டின பொண்டாட்டி காலைலேர்ந்து தும்மிட்டிருக்கேன், அது காதுல விழல" என்பாள் தங்கை.

நின்று நின்று போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா? டிப்போ மேலாளர் கூப்பிட்டார். "இது பஸ்ஸா, உங்க வீட்டுக் கல்யாண வேனா? இனி லேட்டா வந்தா வண்டி கழுவுற எடத்துக்குத்தான் போவ."

சம்பளம் குறையாது. ஆனாலும் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. "அங்க என்னைப் பாத்து யாரு தலையாட்டுவாங்கக்கா? சோப்பு பிரஷ்ஷா?"

"அப்ப நிறுத்தாம போங்க மாப்பிள்ளை" என்றேன்.

"கண்ணு பாத்துட்டா, கால் தானா பிரேக்குக்குப் போயிடுதுக்கா."

மறுநாள் அவர் வண்டியில் ஏறி, குடையம்மாவின் காதைக் கடித்தேன். வேலையை மாற்றப்போகிறார்கள் என்றுதான் சொன்னேன். கொஞ்சம் உப்பு காரம் சேர்ந்திருக்கலாம். கடைசி நிறுத்தத்தில் நான் இறங்கும்போது, அவரை நாடு கடத்தப்போவதாகப் பின்சீட்டில் பேச்சு.

அதற்கப்புறம் ஒருவரும் ஓடி வரவில்லை. வண்டி வருவதற்கு முன்பே எல்லோரும் நிறுத்தத்தில் ஆஜர். குடையம்மா ஈரத்தலையோடு நின்றார். தும்மல் சார் அங்கே வந்துதான் சட்டைப் பொத்தான் போட்டார். அதுவரை ஒருவருக்கொருவர் வாய் திறக்காதவர்கள், சாக்ஸ் பெண்ணைக் காணோம் என்றால் அவள் வீட்டு வாசலுக்கே போய்க் கூப்பிட்டார்கள். வண்டி நின்றால் கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடுவார்கள்.

இப்போது பேருந்து நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது! மேலாளர் மறுபடி கூப்பிட்டார்.

"சீக்கிரம் வர்றதும் தப்புய்யா! ஸ்டாப்ல நின்னு, நேரம் ஆனப்புறம்தான் எடுக்கணும்."

"நிக்கணுமா சார்?"

"நின்னே ஆகணும். ரூல்."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாராம். எவ்வளவு அடக்கினார் என்றால், சட்டையில் ஒரு பொத்தான் தெறித்துவிட்டது.

மறுநாள் சட்டப்படி வண்டியை நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்தார். தெரு வெறுமையாக இருந்தது. முகம் வாடிவிட்டது.

"யாரைத் தேடுறீங்க சார்? நாங்கதான் எல்லாரும் உள்ள இருக்கோமே" என்றார் குடையம்மா.

அவர் திரும்பிப் பார்த்தார். வண்டி முழுக்கத் தலைகள் அசைந்தன. தும்மல் சார் ஒரு தும்மல் போட்டார். "நல்லாருங்க!" என்றது மொத்த வண்டியும்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில், யாருக்குமே தெரியாத ஒரு ஆள் பெட்டியோடு ஓடி வந்தார். மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் எல்லா ஜன்னலிலிருந்தும் குரல்:

"மெதுவா வாங்க! நிக்கும், நிக்கும்!"