மாடிக்குப் போன இணைப்பு

என் ஓரகத்தியைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல விதமாகத்தான் சொல்வார்கள். அதனால்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. பதினோரு வருடமாக ஒரே வீட்டில் எனக்கு மேலே நடந்துகொண்டிருக்கிறாள். அவள் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறாள் என்பதைக் கீழே இருந்தே சொல்லிவிடுவேன்.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர், எனக்குப் பெரியவள். என் கணவர் மூத்தவர், அவள் கணவர் இளையவர், அவ்வளவுதான். மற்றபடி அவள் என்னைவிட நான்கு அங்குலம் உயரம். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு, பொங்குவதற்கு ஒரு நொடி முன்னால் வந்து அணைப்பாள். நான் பக்கத்திலேயே காவல் நின்றாலும் என் பால் வழியும். மாமியார் கீழே என்னோடுதான் இருக்கிறார். சாப்பாடு என் கையில், பேச்செல்லாம் மாடியில். முழங்கால் வலி என்று முனைக் கடைக்குக்கூட வராதவர், பதினெட்டுப் படி ஏறி அவளிடம் போய் உட்கார்ந்துகொள்வார். எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்கென்று இருந்தது என் வேலை ஒன்றுதான். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு நான் டைப் செய்து கொடுக்க வேண்டும். ஒன்பது வருட அனுபவம். டாக்டர் எதையாவது மென்றுகொண்டே பேசினாலும் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று பிடித்துவிடுவேன். மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்தி ஹெட்போனை மாட்டினால், ஏழு மணி வரை நான் யாருக்கும் மருமகளில்லை.

அதற்கும் ஆபத்து வந்தது. இனிமேல் பதிவை இறக்கி வைத்துக்கொண்டு கேட்பது கிடையாது, இணையத்திலேயே நேரடியாகக் கேட்டு டைப் செய்ய வேண்டும், அதற்கு ஃபைபர் இணைப்பு வேண்டும் என்று கம்பெனி எழுதியது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் இணைப்பின் வேகத்தைச் சோதித்துப் படம் அனுப்பாதவர்களுக்கு வேலை இல்லையாம். என்னிடம் இருந்ததோ தூறல் போட்டாலே படுத்துவிடும் பழைய இணைப்பு. அன்றைக்கே ஃபைபருக்குப் பதிந்தேன். இரண்டு நாள் கழித்துச் சின்னவளும் பதிந்தாள். உனக்கு எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்க்கா" என்றாள்.

ஃபைபர்காரர் வந்த நேரத்தில் நான் பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். திரும்பி வந்து பார்த்தால், தெருக் கம்பத்திலிருந்து ஒரு கறுப்பு ஒயர் எங்கள் சுவருக்கு வந்திருந்தது. அங்கே ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து மெல்லிசாக ஒரு வெள்ளை ஒயர் கிளம்பி, என் சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டு, படிக்கட்டுச் சுவர் வழியாக மாடிக்குப் போயிருந்தது. கம்பத்துப் பெட்டியில் மொத்தமே எட்டு இணைப்புக்குத்தான் இடமாம். ஏழு நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்த ஒன்று அவள் வீட்டுக்கு. அடுத்த பெட்டி வைக்க இரண்டு மாதம் ஆகும்.

"கீழயா மேலயான்னு கேட்டாருக்கா. உங்களுக்கு ஃபோன் போட்டேன், எடுக்கல. விட்டா வேற வீட்டுக்குக் குடுத்துடுவேன்னாரு. அதான் மேல போடச் சொல்லிட்டேன்."

என் ஃபோனைப் பார்த்தேன். ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. கணவரிடம் காட்டினேன். "அங்க டவர் இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மாமியாரோ ஒரு படி மேலே போனார். "நல்லவேளை, சின்னவ சாமர்த்தியமா ஒண்ணையாவது பிடிச்சு வச்சா." என் இடத்தைத் தட்டிப் பறித்ததற்குப் பேர் சாமர்த்தியம்!

"பாஸ்வேர்டு தர்றேன்க்கா, நீங்களும் போட்டுக்கோங்க" என்றாள் சின்னவள், கன்னத்துக் குழியோடு.

"வேணாம்மா, எனக்கு இருக்கறதே போதும்."

அந்த வீம்புக்கு என் வேலையே விலை என்று தெரிந்துதான் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள். அவளிடம் கையேந்தி வேலையைக் காப்பாற்றிக்கொள்வதைவிட, போனால் போகட்டும் என்று இருந்தது. மாடியில் மாமியார் ஏதோ வீடியோ பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்கும். கீழே என் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மூக்குக்கு நேராக அந்த வெள்ளை ஒயர். "உள்ள இருக்கறது கண்ணாடி இழைம்மா, மடிச்சுடாதீங்க, மடிச்சா வெளிச்சம் போகாது" என்று ஃபைபர்காரர் மாமியாரிடம் சொல்லியிருந்தார். மாமியார் அதை என்னிடம் நான்கு தடவை சொல்லியிருந்தார். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு ஒயரை இரண்டாக மடித்தேன். மடிப்பு பிரியாமல் இருக்கத் துணிக்குப் போடுகிற என் பச்சைக் கிளிப்பை அதில் கவ்வவிட்டேன். பிறகு மீதிப் பாத்திரத்தையும் கழுவினேன். ஐந்து நிமிடத்தில் மாடியில் நடை அதிகமானது. எனக்குக் கொஞ்சம் பசித்தது.

ஃபைபர்காரர் மறுநாள் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கிளிப்பை எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. மனிதர் காலையிலேயே வந்து நின்றார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் நேராக மாடிக்குப் போய், பேனா மாதிரி ஒரு டார்ச்சை ஒயரின் முனையில் செருகியிருந்தார். அவர் பேசுவது கீழே கேட்டது.

"இப்ப இதுக்குள்ள சிவப்பு லைட் விட்டிருக்கேன். எங்க மடங்கியிருக்கோ அங்க வெளிய தெரியும். ஒயரையே பாத்துக்கிட்டுக் கீழ போங்க."

இப்படி ஒரு கருவி உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கிளிப்பை எடுக்க ஜன்னலுக்கு ஓடினேன். அதற்குள் படியில் சின்னவள் வந்துவிட்டாள். படிக்கட்டு நிழலில், என் பச்சைக் கிளிப்பின் வாயில், அந்த ஒயர் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என்னைப் பார்த்தாள். சட்டென்று கிளிப்பை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இங்கதாங்க" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "துணி எடுத்துட்டு வரும்போது நான்தான் இடிச்சிட்டேன் போல."

"பாத்து மேடம்" என்றார் ஃபைபர்காரர். "விடு, வேணும்னா செஞ்ச?" என்றார் பின்னால் வந்த மாமியார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டது நான், அதிலும் நல்ல பேர் அவளுக்கு.

ஃபைபர்காரர் மடங்கின இடத்தைச் சரிசெய்துவிட்டுப் போன பிறகு சின்னவள் என் சமையலறைக்கு வந்தாள். கிளிப்பை மேடையில் வைத்தாள்.

"நீங்கதானேக்கா?"

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் பதினோரு வருடத்துக்கும் சேர்த்துத் திட்டலாம். அவள் கண் கலங்கியது.

"நான் அன்னிக்கு உங்களுக்கு ஃபோனே போடலக்கா."

"அது எனக்குத் தெரியும்."

"மூணு மணியானா கதவச் சாத்திக்கிறீங்க. நான் ஒரு பாத்திரத்தைக் கீழ போட்டாக்கூட, 'பெரியவ வேலையில இருக்கா, சத்தம் போடாத'ன்னு அத்தை என்னை அதட்டுவாங்க. எனக்காக யாரையும் அப்படி அதட்டினதில்ல. நான் சும்மா இருக்கிறவதானே, அத்தை எப்ப வேணா வந்து உக்காந்துக்கலாம். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். உங்க கம்பெனிக்கே நானும் டெஸ்ட் எழுதினேன். அதுக்குத்தான் ஃபைபர். ஃபெயில் பண்ணிட்டாங்க."

மாமியார் எனக்காக அதட்டுவார் என்பதே எனக்குத் தெரியாது. ஹெட்போனுக்குள் அதெல்லாம் கேட்டதில்லை.

"எத்தனை தப்பு?" என்றேன்.

"முப்பத்தொண்ணு."

"ஒரே பக்கத்துலயா?"

தலையாட்டினாள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. என்னைப் பார்த்து, போயும் போயும் என்னைப் பார்த்து, இவளுக்கு வயிறு எரிந்திருக்கிறது! அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். முதுகைக்கூடத் தடவிக் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை மேல என் ரூமுக்கு வந்துடுங்கக்கா. கதவச் சாத்திக்கிட்டு நிம்மதியா பண்ணுங்க" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்க. ஓரமா உக்காந்து பாத்துக்கிறேன்" என்றாள்.

"பாக்கலாம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை போனேன். மேசையைத் துடைத்து, நாற்காலியில் மெத்தை போட்டு, வெயில் திரையில் விழாமல் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள். நான் வந்ததும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அறைக்கு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். வேகச் சோதனை ஒரே மூச்சில் தேறியது. படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில், தொடரலாம் என்று பதில் வந்தது. கூடவே முதல் பதிவும் வந்து நின்றது. வேலை பிழைத்துவிட்டது. ஹெட்போனை மாட்டினேன்.

அப்போதுதான் யோசித்தேன். சின்னவளுக்கு எதைக் கற்றுக்கொள்ளவும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனதில்லை. வந்த புதிதில் தையல் தெரியாது. இரண்டாவது மாதம் மாமியாருக்கு அளவெடுத்து ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். முப்பத்தொரு தப்பு முதல் மாதம் மூன்றாகும், அடுத்த மாதம் ஒன்றுமில்லாமல் போகும். அதற்கப்புறம் இந்த வீட்டில் யாருக்காக யாரை அதட்டுவார்கள்?

கதவை மெதுவாகத் தட்டினாள்.

"அக்கா, உள்ள வரட்டுமா?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை, இன்னும் மெதுவாகத் தட்டினாள். பிறகு காலடிச் சத்தம் விலகிப் போனது. ஹெட்போனில் எனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்திருப்பாள். பதிவை நான் இன்னும் ஓடவே விடவில்லை.