யாராலும் குறைக்க முடியாத சத்தம்

சித்தூரில் எங்கள் சபையில் மூன்று வருஷம், ஞாயிறு தவறாமல், நான் கிட்டார் வாசித்தேன். அதில் ஒரு ஸ்வரத்தைக்கூடச் சபையார் கேட்டதில்லை. அவர்கள் கவனிக்கவில்லை என்று குறை சொல்லவில்லை. என் கிட்டாரின் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகவே இல்லை.

ஒரு ஞாயிறு கொயர் மாஸ்டருக்குக் காய்ச்சல். என்னைவிடச் சின்னவர், கீபோர்டும் அவர்தான், எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்சரும் அவர்தான். போன் பண்ணி, “அக்கா, இன்னிக்கி ஒரு நாள் மிக்சர நீங்களே ஆன் பண்ணிடுங்க” என்றார். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்க்கிறவள். மிக்சர் எனக்கு என்ன பூச்சாண்டியா? கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இருந்த மேஜைக்குப் போய், மூடியிருந்த துணியை எடுத்தேன். மைக், கீபோர்டு, தபலா என்று ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு பட்டன், அதன் கீழே பெயர் எழுதிய சீட்டு. கிட்டார் என்று எழுதியிருந்த பட்டன் மட்டும் அடிமட்டத்தில் கிடந்தது. அது மேலே ஏறாதபடி குறுக்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. டேப்பின்மேல் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு தூசி.

அதற்கு மேலே இருந்த சின்னத் திருகு ஒன்று மட்டும் திறந்திருந்தது. என் காலடியில் வைத்திருந்த குட்டி ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகிற வழி அது. அதாவது நான் வாசிப்பது எனக்கு மட்டும் கேட்கும். எனக்குச் சந்தேகமே வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை எனக்குத்தான் பரிமாறியிருக்கிறார்கள். நானும் வாரா வாரம் சாப்பிட்டுக் கை கழுவியிருக்கிறேன்.

மறு ஞாயிறு கொயர் மாஸ்டரைக் கேட்டேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பதில் சொன்னார்.

“அதுங்களாக்கா, உங்க கிட்டாரு ப்ளெண்ட் ஆவறதில்ல. நீங்க பாட்டுக்கு வாசிச்சிக்கினே இருங்க. ஸ்டேஜ்ல லேடீஸ் ஒருத்தர் கிட்டாரோட நின்னா பாக்க நல்லா கீது.”

பாக்க நல்லா கீதாம். பூச்சாடியைப் பற்றிக்கூட இப்படித்தான் சொல்வார்கள். அந்த டேப்பைப் பிய்த்து எறிந்திருக்கலாம்தான். பிய்த்தால் அடுத்த வாரம் வேறு டேப் ஒட்டுவான். அவன் கைக்கு எட்டுகிற பட்டன் இருக்கிறவரை என் வாய் அவன் கையில்தான். இருக்கட்டும்டா தம்பி, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கொட்டினேன். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “போனா போவுது, உடும்மா. நீ வாசிக்கறது ஆண்டவருக்குக் கேக்குதில்ல” என்றார்.

“ஆண்டவருக்குக் கேக்கறது இருக்கட்டும். முன் பெஞ்சுல குந்திக்கினு கீறவங்களுக்குக் கேக்கணும்” என்றேன்.

பழிவாங்குவது கடவுளுடைய வேலை, நம்முடையது அல்ல என்று எங்கள் பாஸ்டர் பிரசங்கம் பண்ணுவார். கடவுளுக்கு ஆயிரம் வேலை. இந்தச் சின்ன வேலையை நானே பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். அந்தக் காலத்து கிட்டார்காரர்கள் மேடையிலேயே முதுகுக்குப் பின்னால் வைத்து வாசிப்பார்களே, பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர், அதைக் கையாலேயே கட்டுவது. அதற்கு மிக்சர் வேண்டாம், எவன் தயவும் வேண்டாம். வால்யூம் திருகு பெட்டியிலேயே இருக்கும், என் கைக்குப் பக்கத்தில். கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்குள் முடித்துவிட வேண்டும். ஊரே வருகிற கூட்டம் அது.

சர்க்யூட் படம் இணையத்தில் கிடைத்தது. வால்வுக்குத் திருப்பதி போனோம். ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில், மொட்டைத் தலைகளுக்கு நடுவே புகுந்து போனால் பழைய ரேடியோ கடை ஒன்று. கடைக்காரர் தெலுங்கில், “வால்வா? இப்புடு எவரம்மா அடுகுதாரு” என்றார். இப்போது யார் கேட்கிறார்கள் என்று சலித்துக்கொண்டாலும், பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கி, பஞ்சில் சுற்றி வைத்திருந்த வால்வுகளை ஒவ்வொன்றாக டெஸ்டரில் போட்டுக் காட்டினார். உயிரோடு இருந்தவற்றை வாங்கிக்கொண்டேன். பெரிய ஸ்பீக்கரும் அங்கேயே ஆயிற்று. என் கணவர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

கஷ்டம் டிரான்ஸ்ஃபார்மரில்தான். வால்வு கொடுக்கிற மின்சாரத்தை ஸ்பீக்கர் தாங்குகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற, கம்பி சுற்றிய காயில் அது. நம் பக்கத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. நகரியில் விசைத்தறி மோட்டார்களுக்கு வைண்டிங் கட்டுகிற கடை ஒன்றில் இருவரும் போய் நின்றோம். தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியில், பாதியைச் சுற்றி, காகிதம் வைத்து, மேலே கனத்த கம்பியைச் சுற்றி, மறுபடி காகிதம் வைத்து, மீதிப் பாதியைச் சுற்ற வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மோட்டாருன்னா கண்ண மூடிக்கினு கட்டுவேன். இது இன்னாத்துக்கும்மா?”

“ஒருத்தன் மூக்க உடைக்கறதுக்கு.”

“அதுக்கு ஒரு இரும்பு ராடு போதுமே” என்றார். ஆனாலும் கட்டிக் கொடுத்தார். மெல்லிய கம்பி இரண்டு தடவை அறுந்தது; இரண்டு தடவையும் என் கணவர், “பரவால்லண்ணா, மொதல்ல இருந்து சுத்துங்க” என்று அவருக்குத் தைரியம் சொன்னார். பெட்டியின் முன்பக்கத்துக்கு நகரியிலேயே இழை விட்டு நெய்த முரட்டு நூல் கைத்தறித் துணி ஒரு துண்டு வாங்கினோம். சத்தம் தடையில்லாமல் வெளியே வர வேண்டும் அல்லவா. அலுமினியத் தகட்டை மடித்துத் துளை போட்டதும், பலகை அறுத்துப் பெட்டி செய்ததும் என் கணவர்தான். டிப்போவிலிருந்து வந்ததும் வராததுமாகத் தரையில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்ப்பார்.

வயரிங் முழுக்க என் கை. லேபில் பிள்ளைகளுக்குச் சால்டரிங் சொல்லிக் கொடுக்கிறேன் என்பது வேறு, இது வேறு. உள்ளே முன்னூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். அசந்து இரண்டு கையாலும் தொட்டால் நெஞ்சு வழியாகப் பாய்ந்து ஆள் காலி. அதனால் இடது கையை முதுகுப் பக்கம் இடுப்பில் சொருகிக்கொண்டு, வலது கையால் மட்டும் மீட்டர் பிடிப்பேன். எனக்கு ஷாக் அடித்தால் தட்டிவிடுவதற்கு அவர் ஒட்டடைக் கம்பை ஓங்கியபடி பக்கத்தில் நிற்பார். வேலை முடிகிறவரை உட்காரவே மாட்டார். ஒவ்வொரு கம்பியைப் பற்ற வைக்கும்போதும் நான் அந்தக் கொயர் மாஸ்டரின் முகத்தை நினைத்துக்கொண்டேன். ஈயம் உருகி ஓடுவதைப் பார்க்க அவ்வளவு சுகமாக இருந்தது.

முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் பெட்டி கதறியது. கிட்டாரை மாட்டக்கூட இல்லை, குடலை உருவுகிற மாதிரி ஒரே அலறல். காதைப் பொத்திக்கொண்டு அணைத்தேன்.

“சரிப்பட்டு வராது போல. உட்டுடும்மா, உனக்கு எதுக்கு இந்த வம்பு” என்றார் அவர்.

விடுவேனா? படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சத்தத்தை சர்க்யூட்டின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பி அடக்கி வைக்க ஒரு கம்பி உண்டு. காயிலின் இரண்டு முனையும் தலைகீழாக மாறிப்போனால், அடக்க வேண்டிய அந்தக் கம்பியே அலற வைத்துவிடும். மாறித்தான் போயிருந்தது. இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. வால்வுகள் மட்டும் அடுப்புக் கங்கு மாதிரிச் சிவந்தன. கிட்டாரை மாட்டி ஒரே ஒரு தட்டு தட்டினேன். அலமாரியில் பாத்திரமெல்லாம் பேசியது. கனமான, உருண்டையான, கொஞ்சம் கரகரத்த சத்தம். ஒட்டடைக் கம்போடு நின்ற அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

கீத ஆராதனையன்று சாயங்காலமே ஆட்டோவில் பெட்டியைக் கொண்டுபோய் என் இடத்துக்குப் பின்னால் வைத்தேன். கொயர் மாஸ்டர் வந்து குனிந்து பார்த்தார்.

“இன்னாக்கா இது, ரேடியோவா?”

“ஆமா தம்பி. நல்லா பாடும்.”

“எதுல கனெக்ட் பண்றது?”

“எதுலயும் வேணாம்.”

முதல் கீர்த்தனைக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். வால்யூமைப் பாதிக்குத் திருப்பிவிட்டுத் தட்டினேன். முன்வரிசை அம்மாக்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பாஸ்டர் கண்ணைத் திறந்தார். கொயர் மாஸ்டர் கீபோர்டைவிட்டு இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவே ஓட்டமாகப் போய் மிக்சர்முன் நின்றார். மேடையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கை ஒவ்வொரு பட்டனாகத் தேடியது. என் பட்டனைப் பார்த்தார்; அது ஏற்கெனவே அடிமட்டத்தில், அவர் ஒட்டிய டேப்போடு கிடந்தது. அதற்குமேல் குறைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். அவர் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டே அடுத்த பாட்டையும் வாசித்தேன். சபை என் தாளத்துக்குப் பாடியது. அவ்வளவு இனிப்பை நான் எந்தக் கேக்கிலும் சாப்பிட்டதில்லை.

முடிந்ததும் நாலைந்து பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்றாள் ஒருத்தி. கூட்டம் கலைந்தபின் கொயர் மாஸ்டர் வந்தார். மன்னிப்புக் கேட்பார், மூஞ்சியில் அடித்தாற்போல் பதில் சொல்ல வேண்டும் என்று தயாராக இருந்தேன்.

“எம்மேல ஏன்க்கா இவ்ளோ கோவம்? உங்க வூட்டுக்காரரு சொல்லித்தான பண்ணேன்.”

“இன்னாது?”

“நீங்க சேந்த புதுசுல அவருதான் வந்து சொன்னாரு. சபைக்குக் கேக்காம பாத்துக்கப்பா, ஆனா அவளுக்குத் தெரிய வேணாம்னு. உங்க கால்கிட்ட கீற பொட்டில மட்டும் சத்தத்த உடச் சொன்னதும் அவருதான். நீங்க வந்து கேட்டப்ப அவரக் காட்டிக் குடுக்க மனசு வரல.”

என் கணவர் அப்போது ஆம்ப்ளிஃபயரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, ஆட்டோவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கூட இருந்தே குழி பறிக்கிறது என்றால் அடுத்தவர் கதையில்தான் கேட்டிருக்கிறேன். என் குழியைப் பறித்தவர் என்னோடு உட்கார்ந்து அதற்கு உப்புத்தாளும் தேய்த்திருக்கிறார். ஆட்டோவில் அவர், “கடைசி பெஞ்சு வரிக்கும் கேட்டுச்சு, தெரியுமா” என்றார்.

வீட்டுக்கு வந்து, அவர் பெட்டியை இறக்கி வைத்த பிறகு கேட்டேன்.

“நீங்கதான் சொன்னீங்களா?”

மறுக்கவில்லை.

“அப்ப நீ புதுசும்மா. தாளம் அங்கங்க தப்பிக்கினு இருந்துச்சு. நாலு பேரு சிரிச்சிட்டா நீ தாங்க மாட்டன்னுதான்...”

“யாரு சிரிச்சாங்க?”

“யாரும் சிரிக்கல. சிரிச்சிடுவாங்களோன்னு.”

“சிரிச்சா தாங்கிக்க முடியாதது எனக்கா, உங்களுக்கா?”

அவர் குனிந்து பெட்டியின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். தாளம் சரியான பிறகாவது டேப்பை எடுக்கச் சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கொயர் மாஸ்டரை நான் ஒரு வாரத்திலேயே மன்னித்துவிட்டேன். அந்நியனை மன்னிப்பது சுலபம். அந்த டேப்பை அவரே பிய்த்துப் போட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் கணவர் கதை வேறு. இவர் டிப்போவிலிருந்து வந்து, முகம் கழுவி, டீ டம்ளரோடு உட்காருகிற நேரத்துக்கு நான் பெட்டியின் சுவிட்சைப் போடுகிறேன். ஸ்பீக்கரை அவர் நாற்காலிப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். தினமும் வாசிக்கிறேன், பாத்திரம் அதிர. பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்து, “கொஞ்செம் தக்கிஞ்சம்மா” என்றார். பாவம், உடனே குறைத்துவிட்டேன். ஆனால் இவர் குறைக்கச் சொல்ல மாட்டேன் என்கிறார். டீ ஆறிப்போகிறவரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கோ என்று என் முகத்தைப் பார்த்து, தன் வாயால், ஒரே ஒரு தடவை சொல்லட்டும். அதற்காகத்தான் வாசிக்கிறேன்.